பிரிக்காத உறைக்கு விலை அதிகம்

முதலீடு என்று வந்தால் எதிலும் கடைசி ஆளாகத்தான் நான் போய்ச் சேர்வேன். ஈமுக் கோழியில் நான் பணம் போட்ட வாரத்தில்தான் அந்தப் பண்ணைக்காரர்கள் ஊரைக் காலி செய்தார்கள். தேக்குமரத் திட்டமொன்றில் எனக்குப் பதினோரு மரங்கள் உண்டு. அவற்றை நான் இதுவரை பார்த்ததில்லை. அவையும் என்னைத் தேடி வரவில்லை. ஆகவே ஐம்பத்து மூன்றாம் வயதில் இன்ஷூரன்ஸ் வேலைக்கு விருப்ப ஓய்வு கொடுத்துவிட்டு, இனிமேல் போர்க்காலக் காகிதங்களில் முதலீடு செய்யப்போகிறேன் என்று நான் அறிவித்தபோது என் மனைவி வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "அதுவாவது தீனி கேக்காது" என்று மட்டும் சொன்னாள்.

காரணம் எளியது. இரண்டாம் உலகப்போரின் காகிதங்கள் இனிப் புதிதாக அச்சாகப் போவதில்லை. ரேஷன் அட்டை, குண்டு விழுந்தால் மெட்ராஸ்வாசிகள் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று விளக்கும் துண்டறிக்கை, சிப்பாய் வீட்டுக்கு எழுதிய கடிதம், எல்லாவற்றையும் ஆண்டுதோறும் கரையான் கொஞ்சம் தின்கிறது. மிஞ்சியதன் விலை ஏறுகிறது. கரையானைப் பங்காளியாகக் கொண்ட தொழில் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

என்னிடமிருந்த நாற்பது சொச்சத்தில் ஒன்றே ஒன்றுதான் உருப்படி. போன வருடம் இணைய ஏலத்தில் என் மனைவிக்குத் தெரிந்த விலைக்கும் தெரியாத விலைக்கும் நடுவே ஒரு தொகைக்கு வாங்கினேன். பேரணாம்பட்டிலிருந்து மலேயாவிலிருந்த அப்துல் லத்தீப் என்ற ராணுவச் செருப்புத் தொழிலாளிக்கு அவருடைய மனைவி அனுப்பிய கடித உறை. சிங்கப்பூர் விழுந்துவிட்டதால் கடிதம் போய்ச் சேரவில்லை. சேர்ப்பிக்க இயலவில்லை, அனுப்பியவருக்கே திருப்புக என்று ஆங்கிலத்தில் ஊதா முத்திரை. திரும்பி வந்ததை அந்த அம்மாளும் வாங்கவில்லை. பின்பக்கத்தில் தபால்காரர் பென்சிலால் தமிழில் எழுதியிருந்தார்: 'வாங்க மறுத்தார்.' பிறகு எந்த அலுவலகத்தின் எந்த அலமாரியில் எத்தனை வருடம் கிடந்ததோ, கடைசியில் என் பிளாஸ்டிக் உறைக்குள் வந்து சேர்ந்தது.

இவ்வளவும் இருந்தும் அதன் உண்மையான மதிப்பு வேறு. அதை யாருமே பிரிக்கவில்லை. தணிக்கை அதிகாரிகூட முன்பக்கம் முத்திரை குத்தியதோடு விட்டுவிட்டார். அன்றைக்கு உருது படிக்க ஆள் கிடைக்கவில்லையோ, மத்தியானச் சாப்பாடு கனத்துவிட்டதோ. "அந்த ஆள் மலேயாவிலிருந்து எழுதின லெட்டர்களும் சேர்ந்து கிடைச்சா மூணு மடங்கு தர்றேன்" என்றார் பெங்களூரிலிருந்து ஒரு வியாபாரி. "ஆனா சார், உறையை மட்டும் பிரிச்சிடாதீங்க. பிரிச்சா அது வெறும் கடுதாசி."

அதனால்தான் புறப்பட்டேன்.

சென்னையிலிருந்து மூன்று மணி நேரம்தான் என்றாலும் வேலூரில் இறங்கியதும் வெளிநாடு வந்த மாதிரிதான் இருந்தது. வங்காளத்திலிருந்தெல்லாம் நோயாளிகள் வந்து குவியும் ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் பெயர்ப்பலகைகள் வங்காளியில் இருக்கின்றன. மீன் குழம்பும் வங்காளியில்தான் கொதிக்கிறது. லாட்ஜ்காரர் என்னிடம் எடுத்த எடுப்பில் இந்தியில் பேசினார். நான் தமிழில் பதில் சொன்னதும் முகம் மலர்ந்து, "எந்த டாக்டருங்க?" என்றார்.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க."

"மொதல்ல எல்லாரும் அப்படித்தான் சார் சொல்லுவாங்க."

இட்லிக் கடையில் சர்வர், ஆட்டோக்காரர், செய்தித்தாள் விற்றவர் என்று எல்லோரும் என் நோயை விசாரித்தார்கள். மாலைக்குள் எனக்கே இடது மார்பில் லேசாக ஏதோ செய்தது. ஒரு ஊருக்குள் ஆரோக்கியமாக நடமாடுவது இவ்வளவு அநாகரிகமாக இருக்கும் என்று அதுவரை தெரியாது.

இக்பால் பாய் வேலூரில் பழைய பேப்பர் வியாபாரி. என் வயதுதான் இருக்கும், வயிறு மட்டும் எனக்கு மூத்தது. டெலிபோனில் நாலு மாதப் பழக்கம். நான் கொடுத்த முகவரியை வைத்துப் பேரணாம்பட்டில் துப்புத் துலக்கி, லத்தீப்பின் மகள் உயிரோடு இருப்பதைக் கண்டுபிடித்தவர் அவர்தான்.

"லெட்டர் நாலு இருக்குது சார். பொட்டில பூட்டி வெச்சிருக்காங்க. ஆனா அந்த அம்மா பேஜார் புடிச்ச பார்ட்டி. ஷூ கம்பெனில லைன் சூப்பர்வைசரா இருந்தாங்க. எண்பத்துநாலு வயசாவுது, இன்னும் ரிட்டயர் ஆவல."

"வீட்ல இருக்காங்கன்னீங்களே?"

"கம்பெனியவிட்டுதான் ரிட்டயர். எங்கள வேல வாங்கறத விடல."

உறை என் பையில் இருப்பதை அவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் கடிதங்களின் விலை ஏறும். தந்திரசாலி என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்ட தருணங்கள் வாழ்க்கையில் குறைவு. அவற்றில் அது ஒன்று.

மறுநாள் காலை பேரணாம்பட்டு பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். ஊர் நெருங்க நெருங்கத் தோல் பதனிடும் வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்து, டிக்கெட் எடுக்காமல் எல்லோர் மடியிலும் உட்கார்ந்தது. நான் கைக்குட்டையை எடுத்தேன். பக்கத்து சீட்டில் டிபன் பாக்ஸோடு இருந்த பெண்மணி என்னைப் பார்த்துவிட்டுத் தோழியிடம் சொன்னாள்: "சாருக்கு மூக்குல பிரச்சன போல. ஆஸ்பத்திரி பின்னாடி போச்சுன்னு சொல்லு."

இறங்கும்போது பஸ் சரியாக நிற்கவில்லை. என் காலும் படியில் சரியாக நிற்கவில்லை. வலது செருப்பின் வார் பிய்ந்தது. இக்பால் பாய் எங்கிருந்தோ ஒரு சணல் கயிறு வாங்கிவந்து கட்டிவிட்டார். அந்தக் கோலத்தில் விந்தி விந்தி ஹலீமா அம்மாளின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

சின்ன ஓட்டு வீடு. கூடத்தில் மருமகள் ரஸியா மடியில் முறத்தை வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். ஹலீமா அம்மாள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு, வெள்ளை முந்தானை தலையில். கண்கள் நேராக என் காலுக்குப் போயின.

"ரெக்சின்" என்றார்.

அது எனக்கான வணக்கம் என்று புரிய ஒரு நொடி ஆயிற்று. தோலூருக்கு ரெக்சின் செருப்போடு வந்தவன் நான்.

"டீ குடிக்கிறீங்களா? ரஸியா, டீ போடு. கயித்த அவுத்துட்டு உக்காருங்க சார், பாக்கச் சகிக்கல."

பெட்டியைத் திறந்து நாலு கடிதங்களையும் எடுத்து மேசைமேல் வைத்தார். மஞ்சளாகிப்போன உருதுக் காகிதங்கள், மடிப்பில் வலைத்துணி ஒட்டிப் பாதுகாத்திருந்தார். "மிச்சத்த எல்லாம் கரையான் தின்னுடுச்சு" என்றார். என் பங்காளி.

"எங்கப்பா நல்ல தொழில்காரர். ஊர்ல யாருக்கு செருப்புன்னாலும் பேப்பர விரிச்சி கால வெக்கச் சொல்லி கோடு இழுத்துக்குவாராம். வெள்ளக்காரன் பூட்ஸ் தைக்க ஆள் எடுத்தான். போய்ட்டார். அப்ப நான் எங்கம்மா வயித்துல." கடைசிக் கடிதத்தை எடுத்து விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே தமிழில் சொன்னார்: "'இந்நேரம் பிரசவம் ஆகியிருக்கும். ஆணா, பெண்ணா, உடனே எழுதவும்.' அவ்ளோதான். இதுக்கு மேல ஒண்ணும் இல்ல."

"அம்மா சொல்லலையா?"

"எனக்கு ஆறு வயசுல அவங்க காய்ச்சல்ல போய்ட்டாங்க. வளத்தது புப்பு, எங்கப்பாவோட அக்கா. நல்லா சோறு போட்டாங்க, வாய் மட்டும் ஜாஸ்தி. நான் ஏதாவது அடம்புடிச்சா ஒரே வார்த்த. 'நீ ஒருத்தி இருக்கறதே உங்கப்பனுக்குத் தெரியாதுடி.' அந்த வார்த்த அப்படியே நின்னுடுச்சு. கல்யாணம் ஆச்சு, புள்ளைங்க பொறந்துச்சு, கம்பெனில நூறு பொண்ணுங்கள மேச்சேன். தூங்கி எழுந்தா அந்த வார்த்த வந்து நிக்கும்."

ரஸியா டீயை வைத்தாள். இக்பால் பாய் தன் டீயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிலிட்டரில இருந்து சாவுக் கடுதாசி வந்துதாம். தபால்காரர் மூணு தபா வந்து கூப்டாராம். அம்மா கதவத் தொறக்கலையாம். 'அது எங்க வீட்டுது இல்ல'ன்னு உள்ள இருந்தே சொன்னாங்களாம். கடைசிவரைக்கும் இத்தாவும் இருக்கல, கழுத்துல கருகமணியையும் கழட்டல."

கணவன் இறந்தால் மனைவி வீட்டுக்குள் இருந்து அனுசரிக்கும் காலம் இத்தா. அதை அனுசரித்தால் அவர் இறந்தார் என்று ஒப்புக்கொண்டதாகும். தபால்காரர் கொண்டுவந்தது சாவுக் கடிதமல்ல என்பது அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். அது ஹலீமா அம்மாளின் தாய் தன் கையால் அனுப்பிய கடிதம். பதில் வராமல், கடிதமே திரும்பி வந்தது. என் பையில், வேட்டிக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவே, அது இருந்தது. மூன்று மடங்கு விலையில்.

நான் வாயைத் திறந்தேன். "என்ன விலை எதிர்பாக்கறீங்கம்மா?" என்ற வாக்கியம்தான் வந்தது. தொழில் புத்தி.

"இத வாங்கி இன்னா செய்வீங்க?"

"பத்திரமா வெப்போம்மா."

"இப்ப நான் ரோட்லயா போட்டு வெச்சிருக்கேன்?" ரஸியா சிரிப்பை அடக்கிக்கொண்டு பீடி இலை வெட்டினாள். ஹலீமா அம்மாள் சிரிக்கவில்லை. "விலைக்கு இல்ல சார். நீங்க பழைய பேப்பர் படிச்ச ஆளுன்னு இக்பால் சொன்னான். எங்கயாவது ஒரு ஆபீஸ்ல, ஒரு ஃபைல்ல, எதனா இருக்கும். நான் பொறந்தது எங்கப்பாவுக்குத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் கண்டுபுடிச்சு சொல்லுங்க. நாலையும் சும்மா தூக்கிக் குடுக்கறேன். தெரியாதுன்னாலும் பரவால்ல, சொல்லுங்க. எண்பத்துநாலு வயசுல அழ மாட்டேன்."

"பாக்கறேம்மா" என்றேன். இன்ஷூரன்ஸ் வேலையில் முப்பது வருடம் நான் அதிகமாகப் பயன்படுத்திய சொல் அதுதான். பார்க்கமாட்டேன் என்று பொருள்.

அன்று மத்தியானம் ஆம்பூருக்குப் போனோம். இக்பால் பாய்க்கு அங்கே வேலை, எனக்குப் பசி. ஆம்பூர் பிரியாணியைப் பற்றி எழுதாமல் திரும்பும் பயணக் கட்டுரைக்காரனை ஊருக்குள் விடமாட்டார்கள். சீரகச் சம்பா, சிவப்பேறிய மிளகாய், கறித்துண்டுகள் ஒன்றோடொன்று சண்டை போடாமல் அடங்கிக் கிடக்கின்றன. பக்கத்தில் புளிப்பும் எண்ணெயுமாகக் கத்திரிக்காய். சென்னையில் பிரியாணி என்றால் கடைக்காரர் முதலில் எழுந்து வந்து தன் வரலாறு சொல்லுவார். இங்கே இலையில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். முதல்முறையாக அதை நான் ருசியில்லாமல் சாப்பிட்டேன். இக்பால் பாய் என் இலையைப் பார்த்து, "ஒடம்பு சரியில்லையா?" என்றார். வேலூர்க்காரரிடமிருந்து அந்தக் கேள்வி நியாயமானது.

சாப்பிட்டு எழுந்ததும் செருப்புத் தைப்பவரைத் தேடினேன். கடைத்தெருவில் ஒருவர், என் செருப்பைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிவிட்டுத் திரும்பக் கொடுத்தார். "இதுல ஊசி போட மாட்டேன் சார்."

"ஏங்க, தைக்க முடியாதா?"

"முடியும். நாளைக்கு நாலு பேரு பாத்தா இதத் தச்சது நான்னு தெரியும்."

பக்கத்துப் பெட்டிக்கடையில் குளியலறை ரப்பர் செருப்பு ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டேன். உலகத்துக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்பும் ஊரில் நீல ரப்பரில் நடந்தேன்.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போயின. ஜன்னலெல்லாம் பெண்கள், சிலர் தூங்கிக்கொண்டு, சிலர் போனில். இப்படி ஒரு பஸ்ஸில் இருபது வருடத்துக்கு மேல் அந்த அம்மாள் பேரணாம்பட்டுக்கும் ஆம்பூருக்கும் போய்வந்திருக்கிறார், யார் யாருடைய கால்களுக்கோ மேல்தோல் தைத்துக்கொண்டு. நான் மனைவிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். விலையைத் தவிர.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள்.

"பிரிச்சா அதோட மதிப்பு போயிடும். அது என் லெட்டர், நான் வாங்கினது."

"எழுதினவளோடது இல்ல, போய்ச் சேர வேண்டியவனோடது இல்ல, பொண்ணோடதும் இல்ல. உங்களோடது. சரி. உங்களுக்கு யாராவது லெட்டர் எழுதினா பிரிக்காம பத்திரமா வெப்பீங்களா?"

எனக்கு எழுதுவது வருமானவரிக்காரர்கள் மட்டும்தான். அவற்றை நான் பிரிக்காமல் பத்திரமாக வைப்பதுண்டு. அதைச் சொல்லத் துணிவில்லை.

இரவு ஆம்பூரிலேயே தங்கிவிட்டு, மூன்றாம் நாள் காலை இக்பால் பாயை அழைத்துக்கொண்டு மறுபடியும் பேரணாம்பட்டு. "ஏலகிரி பக்கத்துலதான் சார் இருக்குது. போய் போட்ல சுத்திட்டு ஊருக்குப் போங்க. அந்த அம்மா குடுக்க மாட்டாங்க" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார்.

கூடத்தில் உட்கார்ந்ததும் பையிலிருந்து உறையை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

இக்பால் பாய்தான் முதலில் படித்தார். முகவரி, ஊதா முத்திரை, அப்துல் லத்தீப். மெதுவாக என் பக்கம் திரும்பினார். "சார். மூணு நாளா இது உங்க பையிலயா இருந்துச்சு?"

"ஆமா."

"நாலு மாசமா எங்கிட்ட போன்ல பேசிட்டு இருந்தீங்களே, அப்பவும்?"

"அப்பவும்."

"நான் பேப்பர் வியாபாரி சார். என்னையே ஏமாத்திட்டீங்களே" என்றார். குரலில் கோபத்தைவிட மரியாதை அதிகம் இருந்ததாக எனக்குப் பட்டது. எனக்கு அது கூசியது.

ஹலீமா அம்மாளிடம் விளக்கினேன். வந்தது சாவுக் கடிதம் அல்ல, அவர் அம்மா அனுப்பியதுதான் திரும்பி வந்தது என்று. அவர் உறையைத் தொடவில்லை. குனிந்து பின்பக்கத்துப் பென்சில் எழுத்தை வாய்விட்டுப் படித்தார். "வாங்க மறுத்தார்." ரஸியாவின் கத்தரி நின்றிருந்தது.

"அவங்க வேணான்னு சொன்னத நான் வாங்கலாமா?" என்று கேட்டார். என்னைக் கேட்டாரா, மேசையைக் கேட்டாரா தெரியவில்லை.

"மாமி, அவங்க வேணான்னது உங்கப்பாவோட சாவ. இந்தக் கடுதாசிய இல்ல" என்றாள் ரஸியா. அவ்வளவு நேரம் பீடியைத் தவிர எதையும் பார்க்காதவள்.

இக்பால் பாய் தொண்டையைக் கனைத்தார். "தொறந்தா போச்சு சார். மார்க்கெட்ல ஒண்ணும் போவாது." பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார். "டீ கெட்டில் ஆவில காட்டுனா பசை தானா விட்டுடும். படிச்சிட்டுத் திரும்ப ஒட்டிக்கலாம். எவனுக்குத் தெரியும்?"

ஆம்பூரில் காலை டிபனின்போது ஆவி பறந்த இட்லியைப் பார்த்து இதே யோசனை எனக்கும் வந்தது. ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இட்லி ஆறும்வரை அதை யோசித்தேன்.

"ரெண்டாவது தபா ஒட்டுனா அது கள்ளக் கடுதாசி" என்றார் ஹலீமா அம்மாள். பிறகு என்னைப் பார்த்தார். "தொறக்காததுக்குத்தான் விலையா?"

"ஆமாம்மா."

"உள்ள இன்னா இருக்குதுன்னு தெரியாமலே?"

"தெரியாததாலதான் விலை."

"தோல் கட்டப் பிரிச்சுப் பாக்காம வாங்கறவன எங்க ஊர்ல வியாபாரின்னு சொல்ல மாட்டாங்க." மூச்சு வாங்கிக்கொண்டார். "தொறந்தா உங்களுக்கு எவ்ளோ நஷ்டம்?"

சொன்னேன். என் மனைவியிடம் சொல்லாத எண்ணை முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்னேன். இக்பால் பாய் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"தெரிஞ்சேதான் எடுத்துட்டு வந்தீங்களா?"

"ஆமா."

"ரஸியா, கத்தரிய குடு."

பீடி இலை வெட்டும் சிறு கத்தரி. ஹலீமா அம்மாள் உறையின் ஓரத்தை நூல் அளவுக்கு மட்டும், வளையாமல், ஒரே இழுப்பில் வெட்டினார். இருபது வருடம் தோல் வெட்டிய கை. உள்ளே இரண்டு காகிதங்கள். ஒன்று சின்ன உருதுக் கடிதம். இன்னொன்று கடைகளில் பொட்டலம் கட்டும் பழுப்புத்தாள், நாலாக மடித்தது.

கடிதத்தை முதலில் எடுத்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார்.

"'இங்கே எல்லாரும் சுகம். அரிசி விலை ஏறிவிட்டது. உங்கள் அக்கா சுகம், என்னோடு சண்டை போடுவதும் சுகம்.'" ரஸியா சிரித்துவிட்டாள். "'மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். விட்டால் விழுகிறாள். நீங்கள் கேட்டபடி...'"

நின்றார். அதே வரியை மறுபடி படித்தார். மூன்றாவது முறை உருதுவில், எங்களுக்காக அல்லாமல் படித்தார்.

"'நீங்கள் கேட்டபடி அவள் கால் அளவு எடுத்து இதோடு வைத்திருக்கிறேன்.'"

வெளியே ஒரு ஆட்டோ ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் வந்தது. ஹலீமா அம்மாள் கடிதத்தை மேசைமேல் வைத்து அதன்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"கேட்டிருக்காரு" என்றார். "கால் அளவு கேட்டிருக்காரு." அப்புறம், அந்த அறையில் இல்லாத ஒருவரிடம், அறுபது வருடத்துக்கு முன்பே இறந்துபோன ஒருவரிடம், சண்டைக்கு நிற்கும் குரலில்: "கேட்டுக்கோ புப்பு. தெரியும் அவருக்கு."

அழ மாட்டேன் என்று சொன்னவர். சொன்னபடி அழவில்லை. நாங்கள் மூவரும்தான் சரியாக இல்லை. இக்பால் பாய் கண்ணாடியைக் கழற்றி மிக நீண்ட நேரம் துடைத்தார்.

பிறகு ஹலீமா அம்மாள் பழுப்புத்தாளை விரித்தார். நடுவில் பென்சிலால் ஒரு குட்டிக் கால். ஐந்து விரல்களும் சரியாகப் பதியவில்லை. குழந்தை காலை இழுத்திருக்கும்போல, குதிகாலில் கோடு ஒரு பக்கம் ஓடிப்போய்த் திரும்பி வந்திருந்தது. அந்தக் கோட்டுக்கு வெளியே, சுற்றிலும், இன்னொரு கோடு. அது நடுங்கவில்லை.

"ஏன் மாமி ரெண்டு கோடு?" என்றாள் ரஸியா.

"உள்ள இருக்கறது அன்னிக்குக் கால். வெளிய இருக்கறது செருப்பு வந்து சேர்றப்போ இருக்கப்போற கால். வளர்ற புள்ளைக்கு அப்படித்தான் வரையணும். தொழில்காரன் பொண்டாட்டி இல்ல?" பெருவிரல் பக்கம் இரண்டு கோடுகளுக்கும் நடுவே தன் ஆள்காட்டி விரலை வைத்தார். சரியாகப் பொருந்தியது. உதடுகள் அசையக் கணக்குப் போட்டார். லைன் சூப்பர்வைசர் முகம் திரும்பியிருந்தது.

"ஒரு வெரல். அந்த வயசுக் காலுக்கு ஒரு வருஷத்து வளர்ச்சி." விரலை எடுக்காமலே சொன்னார். "செருப்பத் தச்சு எடுத்துட்டு வர ஒரு வருஷம் எடுத்துக்குவார்னு எங்கம்மா நெனச்சிருக்காங்க."

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. பெங்களூர். எடுக்காமல் விட்டிருக்கலாம். "என்ன சார், லெட்டர்ஸ் கிடைச்சுதா? உறை பத்திரமா?" அறையிலிருந்த எல்லோருக்கும் கேட்டது.

"பிரிச்சுட்டோம்" என்றேன்.

"அப்ப அது வெறும் கடுதாசி சார்."

"ஆமா. கடுதாசிதான்" என்று சொல்லி வைத்தேன்.

ஹலீமா அம்மாள் பெட்டியிலிருந்து நாலு கடிதங்களையும் எடுத்து என் பக்கம் தள்ளினார். "பேச்சுன்னா பேச்சு. கண்டுபுடிச்சு சொல்லிட்டீங்க."

நான் அவற்றைத் திருப்பித் தள்ளினேன். உறையையும் அவற்றோடு வைத்தேன். பெருந்தன்மை என்று யாரும் தவறாக எண்ணிவிட வேண்டாம். ஐந்தையும் பிரித்தெடுத்துக்கொண்டு வாசல் தாண்டுமளவுக்கு எனக்குத் திடம் போதவில்லை, அவ்வளவுதான். கூடவே கரையான் மருந்து பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இந்த முதலீட்டில் நான் ஈட்டிய ஒரே அறிவு அது.

"சும்மா வாங்கிக்கிற பழக்கம் எனக்கு இல்ல" என்றார். அவர் கண்கள் மறுபடியும் என் காலுக்கு வந்தன. நீல ரப்பர். நேற்று ரெக்சினுக்கு ஒரு சொல்லாவது கிடைத்தது. இதற்கு அதுவும் கிடைக்கவில்லை.

"ரஸியா, ஒரு பேப்பர் எடு, பெருசா. சார், அதக் கழட்டிட்டு கால வெய்யுங்க. எங்கூட லைன்ல இருந்த பொண்ணோட பையன் தைக்கிறான். நல்ல தோல். இக்பாலு, உக்காந்து கோடு இழு."

"நானா?"

"நானா குனிய முடியும்? பேனாவ நேரா புடி. சாய்க்காத. சாஞ்சா அளவு கெட்டுடும். குதிகால்ல மெதுவா."

விரித்த செய்தித்தாள் ஒன்றின்மேல் காலை ஊன்றி நின்றேன். இக்பால் பாய் வயிற்றை மடக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, என் காலைச் சுற்றிப் பேனாவை ஓட்டினார். விரலிடுக்கில் கூசியது. இழுத்துக்கொண்டேன். கோடு ஒரு பக்கம் ஓடித் திரும்பி வந்தது.

"ஆட்டாதீங்க சார், புள்ள மாதிரி." முடித்துவிட்டு நிமிர்ந்தார். "அம்மா, ரெண்டாவது கோடும் போடணுமா?"

ஹலீமா அம்மாள் மடியில் விரித்துவைத்திருந்த பழுப்புத்தாளிலிருந்து கண்ணை எடுத்து, என்னைத் தலைமுதல் கால்வரை ஒருமுறை அளந்தார்.

"இவருக்கு ஒண்ணு போதும்" என்றார். "இதுக்கு மேல வளர மாட்டாரு."